4 ஓவர், 38 ரன், 0 விக்கெட்... என் தம்பி வீசியது அவ்வளவுதானா?

32-27-5-0.

கிரிக்கெட் பார்க்கிறவர்கள் இதை இரண்டு முறை படிப்பார்கள். மற்றவர்களுக்காகப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். 32 ஓவர் வீசியிருக்கிறார். அதில் 27 ஓவர்களில் ஒரு ரன்கூடப் போகவில்லை. மொத்தமே கொடுத்தது 5 ரன். விக்கெட் எதுவும் இல்லை. 1964 ஜனவரியில் அன்றைய மதராஸில் இங்கிலாந்துக்கு எதிராக நடந்த டெஸ்ட்டில் பாபு நட்கர்னியின் பந்துவீச்சுக் கணக்கு இது. கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்று அப்போது பெயர். இன்று நாம் நேரு ஸ்டேடியம் என்று சொல்கிற அதே இடம். தொடர்ந்து 131 பந்துகளில் அவரிடம் ஒரு ரன்கூட எடுக்க முடியவில்லை.

சரி, அன்று அவர் நன்றாக வீசினாரா?

‘இது ஒரு கேள்வியா?’ என்று தோன்றும். ஆனால், விக்கெட் இல்லையே! அந்த மேட்ச்சும் டிராவில்தான் முடிந்தது. நட்கர்னியின் பந்தை அடிக்கவே முடியவில்லையா அல்லது விக்கெட் போகாமல் இருந்தால் போதும் என்று எதிரில் இருந்தவர்கள் தடுத்துக்கொண்டே நின்றார்களா? அந்த நான்கு எண்களில் இதற்குப் பதில் இல்லை.

இந்தக் கேள்வி எனக்கு ஏன் வந்தது என்றால், நான் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஸ்கோர் எழுதுகிறவள்.

சொந்த ஊர் கடப்பாக்கம். ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் தாண்டி புதுச்சேரி போகிற வழியில் வரும். ஆலம்பரைக் கோட்டைக்கு வந்தவர்களுக்கு ஊரைத் தெரிந்திருக்கும். வருகிறவர்கள் இடிந்த கோட்டைச் சுவரில் நின்று செல்ஃபி எடுப்பார்கள், படகில் ஒரு சுற்று போவார்கள், கிளம்பிவிடுவார்கள். எங்களுக்கு ஊர் என்றால் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் மேட்ச். முழுப் பரீட்சை லீவில் டோர்னமென்ட். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ‘மேன் ஆஃப் த சீரிஸு’க்கு மிக்ஸியோ, சைக்கிளோ யாராவது ஸ்பான்சர் செய்வார்கள்.

என்னை ஸ்கோர் எழுதக் கூப்பிட்டதற்குக் காரணம் கிரிக்கெட் அறிவெல்லாம் இல்லை. “கையெழுத்து நல்லா இருக்கும். ரெண்டு டீமுக்கும் சொந்தக்காரப் பொண்ணு, சண்டை வராது” என்று எங்கள் சித்தப்பா சொன்னார். சண்டை வந்தது, அது வேறு விஷயம்.

சித்தப்பாவின் மகன்தான் இந்தக் கட்டுரையின் தம்பி. வேகப்பந்து வீசுவான். இடது கை. ஊரில் அவனுக்கு ஒரு பட்டப்பெயர்கூட உண்டு, இங்கே எழுதினால் என்னை வீட்டுக்குள் விடமாட்டான். அவனுக்குப் 19 வயதானபோது ஒரு செலெக்‌ஷன் மேட்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எந்த ஊர், எந்த டீம் என்பதெல்லாம் வேண்டாம். அவன் நான்கு ஓவர் வீசினான். தாளில் விழுந்த கணக்கு 4-0-38-0.

தாளைப் பார்த்தவர் “முப்பத்தெட்டா, விக்கெட்டும் இல்லையா?” என்றார். அடுத்த தாளுக்குப் போனார். அவரைக் குறை சொல்லமாட்டேன். நூற்றுக்கும் மேற்பட்ட பையன்கள், ஒரே ஒரு நாள், கையில் தாள். வேறு எதை வைத்து அவர் முடிவெடுப்பார்?

ஆனால், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பழக்கதோஷத்தில் நானும் என் நோட்டில் பந்து பந்தாக எழுதிக்கொண்டிருந்தேன். மிட் ஆனில் ஒரு கேட்ச் விட்டார்கள். கீப்பர் ஒன்று விட்டார். ஒரு ரன்னோடு முடியவேண்டிய பந்தை ஸ்டம்பை நோக்கி வீசியெறிந்து, அது பவுண்டரிக்கு ஓடி, அந்தப் பந்துக்கு 5 ரன். ஸ்லிப்பே நிற்காத இடத்தில் மட்டையின் விளிம்பில் பட்டுப் போன பவுண்டரிகள் இரண்டு. ஓவர்த்ரோவில் போன ரன்னும் பவுலர் கணக்கில்தான் ஏறும், தெரியுமா? பை, லெக் பை மட்டும் ஏறாது. வைடும் நோ பாலும் ஏறும்.

அந்தத் தாளுக்குப் பிறகு இரண்டு மாதம் அவன் பந்தைத் தொடவில்லை. இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. இதெல்லாம் வீட்டுக்கு வீடு நடப்பதுதான், இதற்காகக் கட்டுரை எழுதியிருக்கமாட்டேன். எழுதவைத்தது வேறு ஒன்று. இப்போது டென்னிஸ் பால் மேட்ச்சுக்கும் போன் ஆப்பில்தான் ஸ்கோர் ஏறுகிறது. ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பக்கம், போட்டோவோடு. எத்தனை விக்கெட், என்ன எக்கானமி என்று ஆயுசுக்கும் நிற்கும். ஒரு இரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது, தம்பி திண்ணையில் உட்கார்ந்து தன்னுடைய பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “என்னடா?” என்றேன். “ஒன்பது பக்கம் போயிடுச்சுக்கா எக்கானமி. இதப் பாத்துட்டு எவன் டீமுக்குக் கூப்பிடுவான்?” என்றான்.

நான் வேலை பார்ப்பது டிஜிட்டல் டெஸ்க்கில். இரவு ஷிஃப்ட்டில் ஏஜென்சி செய்திகள் வந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவில் மாலை நடக்கும் பேஸ்பால் மேட்ச் நமக்கு விடியற்காலை. நம் வாசகர்களுக்கு அது தேவைப்படாது என்பதால் தள்ளிவிட்டுப் போவதுதான் வழக்கம். ஒருநாள் தள்ளாமல் படித்தேன். ஒரே ஒரு ஆட்டக்காரரைப் பற்றி இத்தனை எண்களா என்று ஆச்சர்யமாக இருந்தது. அவர் ‘ஸ்டார்ட்டிங் பிட்சர்’.

நம் ஓப்பனிங் பவுலர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சுமை அதிகம். முதல் பந்திலிருந்து ஒரே ஆள்தான் வீசவேண்டும். வெளியே எடுத்துவிட்டால் அந்த மேட்ச்சில் திரும்ப வரமுடியாது. மூன்று பேரை அவுட்டாக்கினால் ஒரு இன்னிங்ஸ். மேட்ச்சுக்கு இப்படி ஒன்பது இன்னிங்ஸ். அவர் நூறு பந்தையொட்டி வீசிவிட்டு நான்கைந்து நாள் ஓய்வெடுப்பார். அவரை அளக்க நூறு வருடத்துக்கும் மேலாக ஒரு தேசமே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது.

அதை ஆரம்பித்துவைத்தவர்களில் முக்கியமானவர் ஒரு கிரிக்கெட் நிருபர் என்பதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் 1824-ல் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா போனவர். கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர் பேஸ்பாலைப் பார்த்து மயங்கி, கிரிக்கெட் ஸ்கோர்கார்டு மாதிரியே அதற்கும் ஒரு ‘பாக்ஸ் ஸ்கோர்’ உருவாக்கினார். ஒரு ஆட்டத்தை நேரில் பார்க்காதவனுக்கும் எண்களால் காட்டிவிடலாம் என்று நம்பியவர். நோட்டும் பென்சிலுமாக இருந்த அந்த மனிதரைப் பின்னால் பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேமிலேயே சேர்த்தார்கள்.

பிட்சருக்கு அவர்கள் வைத்திருக்கும் பழைய அளவு ஈ.ஆர்.ஏ. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்பதுதான். 6 இன்னிங்ஸில் 3 ரன் கொடுத்தால், 3-ஐ 9-ஆல் பெருக்கி 6-ஆல் வகுக்கவேண்டும். 4.50 வரும். குறைவாக இருந்தால் நல்லது. நம் பவுலிங் ஆவரேஜ், எக்கானமி மாதிரிதானே என்று நினைக்கலாம். ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஃபீல்டர் சொதப்பியதால் வந்த ரன் அதில் சேராது!

மைதானத்தில் ஸ்கோரர் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். சாதாரணமாகப் பிடித்திருக்கவேண்டிய பந்தை ஃபீல்டர் விட்டால், அவர் ‘எர்ரர்’ என்று எழுதுவார், விட்டவரின் பெயரிலேயே. அதனால் வந்த ரன் அணியின் ஸ்கோரில் ஏறும், பிட்சரின் ஈ.ஆர்.ஏ-வில் ஏறாது. 1912-லேயே நேஷனல் லீக் இதை அதிகாரபூர்வக் கணக்காக்கிவிட்டது. நான் படித்த வரியை மறுபடி படித்தேன். நூறு வருடத்துக்கு முன்பே, என்னைப்போல ஓரமாக உட்கார்ந்து எழுதுகிற ஒருவருக்கு, “இது பவுலர் தப்பில்லை” என்று எழுத அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். நம் ஸ்கோர்புக்கில் விட்ட கேட்ச்சுக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

அவர்களும் ஒரேயடியாக நியாயவான்கள் இல்லை. பிட்சருக்கு ‘வெற்றி, தோல்வி’ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட்டிங் பிட்சர் குறைந்தது 5 இன்னிங்ஸ் வீசி, அவர் வெளியேறும்போது அணி முன்னிலையில் இருந்து, அந்த முன்னிலை கடைசிவரை நிலைத்தால் அவருக்கு ஒரு வெற்றி. சக ஆட்டக்காரர்கள் ரன் அடிக்கவில்லை என்றால் இவர் என்ன செய்வார்? 2018-ல் நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜேக்கப் டிகிராம் அந்த சீஸன் முழுக்க வைத்திருந்த ஈ.ஆர்.ஏ 1.70. அசுர சாதனை. அவர் பெயரில் விழுந்ததோ 10 வெற்றி, 9 தோல்வி. பழைய காலமாக இருந்தால் ‘சுமார்’ என்று ஒதுக்கியிருப்பார்கள். அந்த வருடம் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை அவருக்குத்தான் கொடுத்தார்கள். அந்த விருதுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் பேஸ்பால் நிருபர்கள்.

‘குவாலிட்டி ஸ்டார்ட்’ என்று இன்னொரு அளவு. குறைந்தது 6 இன்னிங்ஸ் வீசி, ஃபீல்டர் தப்புகளைக் கழித்துவிட்டு 3 ரன்னுக்கு மேல் கொடுக்காமல் இருந்தால் பாஸ் மார்க். இதைக் கண்டுபிடித்தவரும் ஒரு நிருபர்தான். 1985-ல் பிலடெல்பியா இன்கொயரர் பத்திரிகையின் ஜான் லோவ். மேலே போட்ட கணக்குப்படி அந்தப் பாஸ் மார்க்கின் அடிமட்டம் 4.50 ஈ.ஆர்.ஏ ஆயிற்றே, அதெப்படி குவாலிட்டி என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. எங்கள் ஊர் டீக்கடையாக இருந்தால் பெஞ்ச் உடைந்திருக்கும்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது 2001-ல் நடந்தது. வோரோஸ் மெக்கிராக்கன் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்து அவுட்டாக மாறுமா, ரன்னாக மாறுமா என்பதில் பிட்சரின் கை மிகக் குறைவு. அதைத் தீர்மானிப்பது ஃபீல்டர்களும் அதிர்ஷ்டமும்தான் என்றார். பேஸ்பால் உலகம் ‘அதெப்படி?’ என்று கொந்தளித்தது. யோசித்துப் பாருங்கள், ‘எர்ரர்’ என்று எழுதவேண்டுமானால் ஃபீல்டர் பந்துக்குப் பக்கத்திலாவது போயிருக்கவேண்டும். மெதுவாக ஓடி, பந்தை எட்டாமலே போகிறவன் பெயரில் எந்த எர்ரரும் விழாது! அந்த ரன் பிட்சர் தலையில்.

அந்தச் சிந்தனையிலிருந்து வந்ததுதான் எஃப்.ஐ.பி என்கிற அளவு. ஃபீல்டர் தலையிடவே முடியாத விஷயங்களை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். மட்டையை ஏமாற்றி பிட்சரே அவுட்டாக்கியது, கட்டுக்குள் வீசாமல் இலவசமாக அனுப்பியது, ஆளின் மேல் எறிந்தது, ஹோம் ரன் கொடுத்தது. ஹோம் ரன்னுக்கு 13, இலவசத்துக்கும் ஆளின் மேல் பட்டதற்கும் 3 என்று கூட்டி, தானே அவுட்டாக்கியதற்கு 2 வீதம் கழித்து, இன்னிங்ஸால் வகுத்து, ஈ.ஆர்.ஏ மாதிரியே தெரிவதற்காக ஒரு எண்ணைச் சேர்க்கிறார்கள். ‘மற்ற எட்டுப் பேரை மறந்துவிட்டு, இவன் கையிலிருந்து வந்தது என்ன?’ என்பதுதான் கேள்வி.

மறுநாள் பீரோவிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்தேன். 38 ரன்னில் ஓவர்த்ரோ 4-ஐயும், விளிம்பில் பட்டுப் போன 8-ஐயும் கழித்தால் 26. விட்ட இரண்டு கேட்ச்சையும் சேர்த்தால் 4-0-26-2. இந்தக் கணக்கை மட்டும் தாளில் பார்த்திருந்தால் அவர் இரண்டாவது முறை நிமிர்ந்து பார்த்திருப்பார்.

ஆனால், இது அக்கா போடுகிற கணக்கு. எஃப்.ஐ.பி அவ்வளவு பாசமாகப் பேசாது. அதன் கண்ணில் பிடித்த கேட்ச்சுக்கே மதிப்பில்லை, விட்ட கேட்ச்சுக்கு எங்கே கொடுக்கும்? அந்த முறையில் பார்த்தால், போல்டு இல்லை, எல்.பி.டபிள்யூ இல்லை. வைடு மூன்று, அவனுடையது. மூன்றாவது ஓவரில் போன சிக்ஸர், சந்தேகமில்லாமல் அவனுடையது. அவன் பக்கம் நிற்பது ஒன்றுதான். 24 பந்தில் 12 பந்து ரன்னே இல்லை, அதிலும் ஆறு பந்தை பேட்ஸ்மேனால் தொடக்கூட முடியவில்லை. மட்டைக்குத் தப்பிய அந்த ஆறு பந்துகளும் தாளில் எங்குமே இல்லை.

அப்படி எண்ணுவது நம் ஊரிலும் ஒருவருக்கு உதவியிருக்கிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன், டென்னிஸ் பாலில் வளர்ந்தவர். 2020 ஐ.பி.எல்-லில் 16 மேட்ச்சில் 16 விக்கெட், எக்கானமி 8-ஐக் கொஞ்சம் தாண்டியது. இந்த எண்கள் மட்டும் என்றால் பத்தோடு பதினொன்று. ஆனால், யாரோ அவருடைய யார்க்கர்களை எண்ணினார்கள். அறுபதுக்கும் மேல். அந்த சீஸனில் அவரளவுக்கு யாரும் வீசவில்லை. கடைசி ஓவர்களில், அடித்தே தீரவேண்டும் என்று நிற்பவர்களுக்கு எதிராக. அந்த எண்ணிக்கைதான் பேச்சானது. அதே பயணத்தில் ஆஸ்திரேலியாவில் மூன்று வகைப் போட்டிகளிலும் இந்தியாவுக்காக ஆடிவிட்டார்.

மைதானக் கணக்கு ஒன்று பாக்கியிருக்கிறது. அமெரிக்காவில் டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் ஒரு மைல் உயரத்தில் இருப்பதால், அங்கே அடித்த பந்து அதிக தூரம் பறக்கும். அங்கே வீசும் பிட்சரின் ஈ.ஆர்.ஏ-வை மைதானத்துக்கு ஏற்பத் திருத்தி, 100-ஐ சராசரியாக வைத்து ஒப்பிடுகிறார்கள். நம் அஸ்வின் 106 டெஸ்ட்டில் 537 விக்கெட்டோடு 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றார். சராசரி 24. இந்தியாவில் 22-க்கும் கீழே, வெளிநாட்டில் 30-க்கும் மேலே. ‘சொந்த ஊர்ப் புலி’ என்று சொன்னவர்கள் இந்த இரண்டாவது எண்ணைத்தான் காட்டினார்கள். அதே இந்திய மைதானங்களில் மற்ற சுழற்பந்து வீச்சாளர்கள் எவ்வளவு எடுத்தார்கள், அதே வெளிநாட்டு மைதானங்களில் மற்றவர்கள் எவ்வளவு திணறினார்கள் என்று பக்கத்தில் வைத்துப் பேசியவர்கள் குறைவு. எங்கள் ஊரில் பிற்பகலில் கடல்காற்று ஏறியபிறகு, காற்றுக்கு எதிரே ஓடிவந்து வீசுகிறவனின் எக்கானமியும் காற்று தள்ளிவிட வீசுகிறவனின் எக்கானமியும் ஒன்றா?

பவுலருக்குப் பாதகமாக மட்டும்தான் மற்றவர்கள் கணக்கு வரும் என்று சொன்னால் பொய். 1988 ஜனவரி, சேப்பாக்கம். நரேந்திர ஹிர்வானி தன் முதல் டெஸ்ட்டில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக 136 ரன்னுக்கு 16 விக்கெட் எடுத்தார். அறிமுக டெஸ்ட்டில் இதைவிடச் சிறந்த கணக்கு இன்றுவரை இல்லை. அதே மேட்ச்சில் கீப்பர் கிரண் மோரே செய்த ஸ்டம்பிங் ஆறு. இரண்டாவது இன்னிங்ஸில் மட்டும் ஐந்து. அதில் பல ஹிர்வானியின் பந்தில். பந்து சுழன்று தூசி கிளம்பிய ஆடுகளத்தில் மோரேயின் கை கொஞ்சம் தாமதித்திருந்தால், அந்த 16 எவ்வளவாகியிருக்கும்? ஹிர்வானி மொத்தம் ஆடியது 17 டெஸ்ட், எடுத்தது 66 விக்கெட். ஒரு மேட்ச்சை வைத்து ஆளைத் தூக்குவதற்கும் ஒரு மேட்ச்சை வைத்து ஆளை ஒதுக்குவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நான்கு ஓவர் என்பது ஒரு மேட்ச்கூட இல்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ஞாயிறு மேட்ச். தம்பிக்கு அன்று வார விடுமுறை, வந்திருந்தான். என் ஸ்கோர் நோட்டில் பவுலிங் பகுதிக்குப் பக்கத்தில் மூன்று கட்டம் புதிதாகக் கோடு போட்டு வைத்திருந்தேன். விட்ட கேட்ச், ஓவர்த்ரோ, மட்டையை ஏமாற்றிய பந்து. முதல் இன்னிங்ஸ் முடிந்ததும் தம்பி வந்து எட்டிப் பார்த்தான். விட்ட கேட்ச்சில் ஒன்று, ஏமாற்றியதில் ஐந்து. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

“ரெண்டு வைடு போட்டுருக்கியேக்கா... காத்து தள்ளிடுச்சு.”

“காத்து உன் கையிலதானடா இருந்துது, அது உன்னோடதுதான்.”

சிரித்துக்கொண்டே போனான். பின்னாலேயே கீப்பர் வந்துவிட்டான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. விட்ட கேட்ச் கட்டத்தில் அவன் பெயர் இருப்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது.

“அக்கா, நான் விட்டதுக்கு என் பேர் எழுதுறீங்க. ரெண்டாவது ஓவர்ல ஸ்டம்பிங் பண்ணேனே, அந்த விக்கெட் அவன் கணக்குலதான ஏறியிருக்கு?”

“ஆமா.”

“அப்ப எனக்கு எந்தக் கட்டம்?”

நோட்டில் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு இடம் இருந்தது. யாரிடமாவது ஸ்கேல் இருக்கிறதா என்று கேட்டேன்.